மறதியில்லாத ப்ளூடூத்

பெண் பார்க்க வந்த வீட்டில் எழிலரசு தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். அவனும் யாழினியும் இரண்டு வருடமாகக் காதலிப்பது இரு வீட்டுக்கும் தெரியாது. தரகரைக் கையில் போட்டுக்கொண்டு, ஜாதகம் தானாக வந்து பொருந்தியதுபோல் ஏற்பாடு செய்தாயிற்று. இன்று முதல்முறை பார்ப்பதுபோல் வெட்கப்படுவது ஒன்றுதான் பாக்கி.

காபித் தட்டோடு யாழினி வந்தாள். இருவர் காதிலும் இருந்த கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொண்டன. அந்தக் கால ப்ளூடூத் பொத்தானை அழுத்தினால்தான் பேசும். இந்தப் பதினேழாம் தலைமுறை ப்ளூடூத்துக்குக் கூச்சமும் இல்லை, மறதியும் இல்லை.

"பழைய இணைப்பு கிடைத்தது," என்று கூடத்து ஸ்பீக்கர் குதூகலமாக அறிவித்தது. "எழிலரசு, யாழினி. இதுவரை எழுநூற்றுப் பன்னிரண்டு முறை."

யாழினியின் அப்பா கோகுல்ராஜ் விருட்டென்று எழுந்தார். "எங்களையென்ன முட்டாள்னு நெனச்சீங்களா? எந்திரிச்சுக் கெளம்புங்க!"

எழிலின் அம்மா கீர்த்தனா சமாதானம் சொல்ல அவர் அருகே போனார். அவர்கள் காதுக் கருவிகளும் நெருங்க, ஸ்பீக்கர் மறுபடி கனைத்தது.

"மிகப் பழைய இணைப்பு கிடைத்தது. கோகுல்ராஜ், கீர்த்தனா. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன், கல்லூரிப் பேருந்தில், ஒரே பாட்டு, நானூறு முறை."

பஜ்ஜியைக் கடித்துக்கொண்டிருந்த எழிலின் அப்பா நிமிர்ந்தார்.

"என்ன பாட்டு?"

ஸ்பீக்கர் வாயெடுப்பதற்குள், "கல்யாணத்தைத் தை மாசமே வெச்சுக்கலாங்க!" என்றார்கள் கோகுல்ராஜும் கீர்த்தனாவும், ஒரே குரலில்.