பால் நேரம்

அது எழுபத்து மூன்றாம் வருஷம். கொல்லங்கோட்டுப் பக்கத்து நூல் மில் ஒன்றில், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கக் கோயமுத்தூரிலிருந்து அதிகாரி வந்திருந்தார். ஒரு வாரம் அளந்து எழுதிய அறிக்கையைப் படித்த மேனேஜர் குப்பண்ணன் முகம் சுளித்தார்.

"ஏனுங்க, பொம்பளைங்க தொட்டில் ரூமுக்குப் போய் குழந்தைக்குப் பால் குடுக்கற நேரத்தை நீங்க வெட்டவே இல்லையே?"

"அதை வெட்ட முடியாதுங்க."

"மொதலாளி வெட்டச் சொல்றாருங்க. அந்தப் பூவாத்தா இன்னொருக்கா மிசினை விட்டுட்டுப் போனா, வேலையை விட்டே நிறுத்திருவேன்."

"அப்படின்னா நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

"உங்க வேலையும் போயிருமுங்க!"

"போனாப் போகட்டும்."

அப்போது பூவாத்தாளே கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

"வேலை நேரத்துல குழந்தையைத் தூக்கிட்டு ஆபீசுக்கே வந்துட்டயா?" என்று கத்தினார் குப்பண்ணன். "இன்னையோட நின்னுக்க!"

"இது எங்கொழந்தை இல்லீங்க" என்றாள் பூவாத்தாள். "தொட்டில் ரூம்ல பசிச்சு அழுதுட்டே கெடந்துச்சுங்க."

அதிகாரி எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எம்மகளுக்குப் பால் குடுத்துட்டு வர்றனுங்க. அதுவரைக்கும் உங்க மொதலாளியைக் காத்திருக்கச் சொல்லுங்க" என்றவர், வாசலில் நின்று திரும்பினார்.

"நீயும் வா பூவாத்தா. உங்கொழந்தைக்கும் பசிக்குமல்ல."