யார் எழுதிக் கொடுத்தது?

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் யோகேஸ்வரி மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது, ரூபேந்திரன் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் கையுமாக அவள் முன்னால் வந்து நின்றான்.

“என்னைப் பத்தி சேஃப்டி ஆபீசர்கிட்ட எழுதிக் கொடுத்தது நீங்கதானாக்கா?”

அவள் அந்த ஸ்பேனரைப் பார்த்தாள். ஸ்பேனரின் வாயை நட்டில் இறுக்காமல், முழு பலத்தோடு அவன் தள்ளுவதைப் பலமுறை கண்டித்திருக்கிறாள். அவன் கேட்கவே இல்லை. போன வாரம் எழுதிக் கொடுத்துவிட்டாள். மூன்று நாள் அவனை வேலையிலிருந்து நிறுத்திப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

“நான்தான் தம்பி,” என்றாள்.

“இப்ப ஒரு நட்டைக் கழட்டினேன்கா. பக்கத்துலயே கொதிக்கிற பைப்பு. கிளாஸ்ல சொன்ன மாதிரி வாயை நல்லா இறுக்கிட்டு, தள்ளாம என் பக்கமா இழுத்தேன். துருப்பிடிச்ச நட்டு, படக்குன்னு உடைஞ்சிருச்சு. நான் பின்னால சாய்ஞ்சதோட போச்சு. பழைய மாதிரி தள்ளியிருந்தா, முகத்தோட அந்த பைப்பு மேலயே விழுந்திருப்பேன் லா.”

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினான்.

“ரொம்ப நன்றிக்கா. ஒரு உதவி செய்யணும். அடுத்த வாரம் என் தங்கச்சி இங்க வேலைக்குச் சேரப் போறா. அவளை உங்க செக்‌ஷன்லயே போடச் சொல்லிக் கேட்டிருக்கேன். தப்புப் பண்ணா, என் தங்கச்சின்னு பார்க்காம அவளைப் பத்தியும் எழுதிக் கொடுத்துருங்க.”