மீட்டரில் பன்னிரண்டு

காலை பதினொன்று பத்துக்கு மீட்டரில் பன்னிரண்டு வந்தது.

கம்பிகளைப் பிடுங்கி மறுபடி அடிக்கச் சொன்னாள்.

அவளுடைய உதவியாளர் ஏகாம்பரம் சம்மட்டியை எடுத்தார். போன மாதம்தான் இந்த மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்தவர். நான்கு இரும்புக் கம்பிகள், ஒயர், ஒரு பேட்டரி. மண்ணுக்குள் மின்சாரத்தை விட்டு, எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. எண் குறைந்தால் தடை குறைவு.

மறுபடியும் பன்னிரண்டு.

“பன்னண்டா? தண்ணி பிச்சிக்கினு வரும் மேடம்,” என்றார். “எவன் போர் போட பாயிண்ட் வெச்சாலும் இங்கதான் வெச்சிருப்பான்.”

அவள் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

பத்தடி தள்ளி ஆழ்துளைக் கிணறு. பம்பை நேற்றே நிறுத்திவிட்டார்கள். தண்ணீரில் டீசல் கலந்திருப்பதாக ஆய்வகம் எழுதியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க நிலத்தடி நீர்த் துறையிலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள்.

கண்டுபிடிக்க அதிகம் இல்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி ஷெட் இருந்தது. மூடி இருபத்தைந்து வருடம். பூமிக்கடியில் அதன் டீசல் தொட்டி கசிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்த டீசலைத் தின்று பெருகியிருக்கின்றன. அவை தின்ற இடத்தில் அமிலம் ஊறும். அமிலம் கல்லைக் கரைக்கும். உப்பேறிய அந்த ஈரத்தில் மின்சாரம் வழுக்கிக்கொண்டு ஓடும்.

மீட்டருக்கு அதுவும் தண்ணீர்தான்.

இந்தப் பாறை நிலத்தில் நல்ல தண்ணீர் நாற்பதுக்குக் கீழே காட்டாது. பன்னிரண்டு என்றால் சந்தேகப்பட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

பதினான்கு வருடங்களுக்கு முன், இதே இடத்தில், அவள் சந்தேகப்படவில்லை.

தனியாகச் செய்த முதல் சர்வே. சுற்றிலும் மூன்று ஊர் காய்ந்து கிடந்தது. பன்னிரண்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டாள். அடுத்த ஊருக்கு ஜீப் ஏறினாள்.

நூற்று முப்பது அடியில் தண்ணீர் வந்தது.

பதினொரு வீடுகள் குடித்தன. மழைக்காலத்தில் லேசாக மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். காய்ச்சிக் குடித்தார்கள்.

இப்போது நிரப்ப வேண்டிய ஆய்வுப் படிவத்தில் ஒரு கட்டம்: இந்த இடத்தைத் தேர்வு செய்தவர்.

பழைய கோப்பு கிடைக்கவில்லை என்று எழுதிவிடலாம். அலுவலகத்தில் தேடினால் கிடைக்கவும் கிடைக்காது. அது அவள் பையில் இருந்தது.

பேனாவைத் திறந்தாள். ‘கோப்பு’ என்று எழுதினாள்.

அடுத்த சொல் வரவில்லை.

“மோர் மேடம்.”

கிணற்றுக்கு எதிர் வீட்டுத் தனபாக்கியம். புருஷன் ஆறு மாதமாக ஈரல் நோயில் படுத்த படுக்கை.

“பயப்படாதீங்க. கேன் தண்ணியிலதான் கரைச்சேன்.”

ஏகாம்பரம் சிரித்தார். அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

தனபாக்கியம் டம்ளரை வாங்கிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. படிவத்தைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள்.

“அன்னிக்குத் தண்ணி பாக்க வந்த பொண்ணு, உங்க ஆபீசுதான். அந்தப் பொண்ணுக்கும் நான்தான் மோர் குடுத்தேன். மவராசி, தண்ணி காட்டிட்டுப் போனான்னு ஊரே கும்புட்டுச்சு.”

அவள் நிமிரவில்லை.

“அதுவும் உங்கள மாதிரியே பீச்சாங்கையாலதான் எழுதும். உங்க தங்கச்சியா மேடம் அது?”