வாய் உடைந்த ஸ்பேனர்

"மூணு வாரமா இதே கூத்து. பின்பக்க சஸ்பென்ஷனை இறுக்கிப் பிடிக்கிற பிரேஸ் கம்பி எப்படிங்க தானா கழலும்?"

தூக்கி நிறுத்திய ஸ்போர்ட்ஸ் காரின் அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் எரிச்சலோடு வந்தது.

"வளைவுல திரும்பினா பின்னாடி கடகடங்குது. சரியா டைட் பண்ணலையோ என்னவோ" என்றார் காரின் சொந்தக்காரர்.

"டைட் பண்ணி, நட்டு மேல மஞ்சள் பெயிண்ட்ல கோடும் போட்டேன். தானா கழன்றா கோடுதான் விலகும். இங்க நட்டைச் சுத்தி ஸ்பேனர் கடிச்ச தடம் இருக்கு. அதுவும் வாய் உடைஞ்ச ஸ்பேனர்."

சொந்தக்காரர் கையிலிருந்த செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அந்த ஸ்பேனரை எனக்குத் தெரியாதா? அதை வச்சு என் முதல் சைக்கிளை அக்கு அக்காக் கழட்டிட்டு அம்மாகிட்ட அடி வாங்கினவ நான்."

கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள் அவருடைய மகள்.

"பொண்ணுக்கு எதுக்கு இந்த வேலை, இனி வீட்டுப் படி ஏறாதேன்னு சொல்லத் தெரிஞ்சுது. எப்படி இருக்கேன்னு கேக்கத்தான் பிரேஸைக் கழட்டணுமா? வழியில ஏதாவது ஆகியிருந்தா?"

"மெதுவாத்தான் ஓட்டிட்டு வந்தேன்."

"இன்னிக்கு பிரேஸுக்குத் தகடு வச்சு, நட்டையும் சேர்த்து வெல்டிங் அடிச்சுடுவேன். யாராலயும் கழட்ட முடியாது."

அவர் முகம் வாடியது. "அப்போ அடுத்த வாரம் முன்பக்கத்தை..." என்று இழுத்தார்.

"ஒண்ணும் வேண்டாம். அந்த ஸ்பேனரைப் பறிமுதல் பண்ண நானே வீட்டுக்கு வரேன்ப்பா."