முகம் வராத படம்

“படத்த நிறுத்துங்க!”

பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றின் அரங்கில், மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்த ராசாங்கத்தின் குரலுக்குக் கூட்டம் மொத்தமும் திரும்பியது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, கழுத்துப் பொத்தான் வரை மாட்டிய சட்டை, வளையாத முதுகு. திரையில் ஓடிக்கொண்டிருந்த மாணவர் குறும்படத்தில் வந்த நிலக்காரரின் அண்ணன் என்று சொன்னால் நம்பலாம்.

“போச்சுடா, சாதிப் பிரச்சன. இனிமே நம்ம படமும் ஓடாது,” என்று பின்வரிசையில் ஒரு மாணவன் முனகினான்.

பேராசிரியை ஆனி ரோஸ் ஓடிவந்தார். “ஐயா, கொஞ்சம் உக்காருங்க. உங்கள மாதிரிப் பெரிய குடும்பத்து ஆளுங்களப் புண்படுத்தணும்னு எடுக்கல.”

“எந்தப் பெரிய குடும்பம்? அந்தப் பருத்திக் காட்டுல குனிஞ்சு நிக்கிறது என் கூடப்பொறந்த அக்கா. படத்த எடுத்தவ எம் பொண்ணு.”

பக்கத்து இருக்கையில் இருந்த ஆரோக்கியசெல்வம் நிமிர்ந்து பார்த்தார். ராசாங்கம் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் பதினாறு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர்.

“உங்களுக்கு அக்கா இருந்தாங்களா சார்?”

“ஊர்ல இருந்தாங்க. செந்துறைப் பக்கம்,” என்றார் ராசாங்கம், அவர் முகத்தைப் பார்க்காமலே.

அந்த அக்கா காத்தாயி இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அப்பா போன பிறகு கூலிக்குப் பருத்தி எடுத்தும், சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரிந்தும் தம்பியை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியவள். பதினாறாம் நாள் படத்திறப்புக்கு ஆளுயரப் படம் வைத்து, ஊரே பார்க்க மாலை போடவேண்டும் என்று ராசாங்கம் ஒற்றைக்காலில் நின்றார்.

படம் வைக்கத்தான் முகம் கிடைக்கவில்லை. மூத்த மகள்கள் இருவரின் கல்யாண ஆல்பங்களையும் புரட்டியாயிற்று. பந்தி ஓரத்தில் ஒரு புடவைத் தலைப்புதான் தெரிந்தது. அக்கா கூச்சக்காரி, கேமராவைக் கண்டால் ஓடிவிடுவாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினால் வெறும் புள்ளியாகச் சிதறுகிறது என்று ஸ்டூடியோக்காரர் கைவிரித்துவிட்டார்.

மிச்சம் இருந்தது கடைக்குட்டி சத்யப்பிரியா எடுத்த இந்தக் குறும்படம் ஒன்றுதான். தை மாதத்தில் நாலு நாள் அத்தை வீட்டிலேயே தங்கி எடுத்தது. கேட்டபோது, “வேணாம்ப்பா, அதுல கெடைக்காது,” என்று மழுப்பினாள். நம்பாமல் அவரே கிளம்பி வந்துவிட்டார்.

திரையில் அக்காவின் விரல்கள் வந்தன. வெடித்த பருத்திக் காயின் ஓடு கீறிக் கீறிக் காய்த்துப்போன விரல்கள். பித்தவெடிப்புப் பாதம் வந்தது, குனிந்த முதுகு வந்தது. கேமரா மெல்ல மேலேறித் தோளைத் தொட்டபோது ராசாங்கம் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

தோளோடு காட்சி வெட்டுப்பட்டது. வரப்பில் நிற்கும் நிலக்காரரின் முகம் திரை முழுக்க வந்து நின்றது. ஒரு முறை இல்லை, ஏழு முறை. ஏழாவது முறைதான் எழுந்தார்.

“அது ஒரு உத்திங்கய்யா,” என்று ஆனி ரோஸ் விளக்கினார். “நெலம் வச்சிருக்கவங்கள கீழருந்து முழு முகமா காட்டியிருக்கா. கூலி வேல பாக்குறவங்கள மேலருந்து, கையா காலா முதுகாத்தான் காட்டியிருக்கா. அவங்கள யாரும் மனுசராவே பாக்கலங்கறதச் சொல்லாமச் சொல்றா. போட்டி நடுவருங்க போன வாரமே பாத்துட்டுப் பாராட்டுனாங்க.”

“ஊரான் பாக்கலன்னா சொந்த ரத்தமும் பாக்காதா மேடம்? எங்கக்கா யாருக்கும் பயந்து ஒளிஞ்சவ இல்ல. தல நிமிந்து நடந்தவ. அவளப் போயி முண்டமாக் காட்டுறதா?”

யாரோ கைதட்டினார்கள். பலரும் சேர்ந்துகொண்டார்கள். ராசாங்கத்தின் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

மேடையோரம் மைக்கோடு நின்ற சத்யப்பிரியாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. “அப்பா, வூட்டுல போயிப் பேசிக்கலாம். வாங்கப்பா.”

“இங்கயே சொல்லு. சபையில பண்ணுன தப்புக்குச் சபையில பதில் சொல்லு. நாலு நாள் அவ கையால தின்னியே, ஒரு தடவகூட அவ மூஞ்சிப் பக்கம் கேமராவத் திருப்பத் தோணலயா?”

“திருப்புனேம்ப்பா.”

“அப்பறம் எங்க அது?”

“அன்னிக்கே அழிச்சிட்டேன்.”

“அழிச்சிட்டியா? எங்கக்கா மூஞ்சி ஒனக்கு அவ்ளோ கேவலமாப் போச்சா?”

சத்யப்பிரியா மைக்கை அணைத்து மேசைமேல் வைத்தாள். படியிறங்கி, நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அப்பாவுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லத்தான் நினைத்தாள்; அழுகையில் குரல் உடைந்து ஆரோக்கியசெல்வத்துக்கும் கேட்டுவிட்டது.

“அத்தைதாம்ப்பா அழிக்கச் சொல்லுச்சு... ‘ஒங்கப்பன் என்னயப் பத்தி யாருக்கும் சொல்லல, நீ காட்டிக் குடுத்துறாத’ன்னு.”