வாகைமரம் நிற்குமா?

கொட்டாப்புளி மரச்சுத்தியலால் வாகையின் அடிமரத்தைத் தட்டினேன். கணீர் என்றது. சுற்றி வந்து பத்து இடத்தில் தட்டினேன். எங்கும் அதே சத்தம்.

வேர்ப்பக்கம் காளான் இல்லை. கவைகளில் வெடிப்பு இல்லை. இன்னும் ஐம்பது வருஷம் நிற்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சித்திரைக் காற்றில் இதன் கிளை ஒன்று முறிந்து, அண்ணன் மகள் அபிநயாவின் தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் இனி வரமாட்டேன் என்றான் அண்ணன்.

"மரம் இங்கதான் நிக்கும். வாரவன் வரட்டும்" என்றார் அப்பா, ஊரே கேட்க.

அண்ணன் வரவில்லை. அவன் இருக்கும் சூரமங்கலத்துக்கும் எங்கள் நாமகிரிப்பேட்டைக்கும் இரண்டு பஸ் தூரம். அபிநயா பல் முளைத்ததை, நடந்ததை, எல்கேஜி போனதை எல்லாம் போனில்தான் பார்த்தோம். அப்பா அதையும் பார்க்க மாட்டார். சத்தம் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருப்பார்.

நான் வனவியல் சேர்ந்தபோது, "மரத்தப் படிக்க ஒரு காலேஜா?" என்று சிரித்த மனுஷன். போன வாரம் அவரே கூப்பிட்டார். "நீ வந்து பாரு. நீ சொல்றதுதான்."

இருபத்துநாலு வருஷத்தில் என் சொல்லுக்குக் கிடைத்த முதல் மரியாதை. அந்தச் சிரிப்பை மறக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அம்மா என் பின்னாலேயே சுற்றினாள். "நல்லாருக்குதுன்னு மட்டும் சொல்லிப்போடாத சாமி."

வடக்குப் பக்கம் மண் அப்பிய ஓர் இடம். சுரண்டினேன். விரல் நுழையும் ஓட்டை. மோந்து பார்த்தேன். பெருங்காயம்.

பச்சை மரத்தைச் சத்தமில்லாமல் சாகடிக்க எங்கள் பக்கம் செய்கிற வேலை. ஆனால் மரத்துக்கு உயிர் ஓடுவது பட்டையை ஒட்டித்தான். இந்த ஓட்டை அதைத் தாண்டி, ஒரு சாண் ஆழம், நடுவைரத்துக்குள் போயிருந்தது. அங்கே பத்து வருஷம் கிடந்தாலும் ஓர் இலை வாடாது.

அம்மாவைப் பார்த்தேன். எத்தனை நாள் துளைத்தாளோ. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேத்தியைத் தூக்கிப் பார்க்க ஒருத்தி பெருங்காயக் கட்டியோடு மரத்தைச் சுற்ற வேண்டியிருக்கிறது, ஒரு மனுஷனின் வீம்புக்காக.

மண்ணைத் திரும்ப அப்பினேன்.

கட்டிலில் இருந்த அப்பாவிடம் போனேன். "உள்ள பூராப் போச்சுங்கப்பா. வெட்டித்தான் ஆகோணும்."

படித்த படிப்பை வைத்து நான் சொன்ன முதல் பொய்.

அண்ணனுக்குப் போன் போட அம்மா உள்ளே ஓடினாள்.

அப்பா கத்தவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அம்மா கதவைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"நான் வெச்ச பெருங்காயம் புடிச்சிருச்சா கண்ணு?"

அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை.

"புடிச்சிருச்சுங்கப்பா" என்றேன்.