இஞ்சின் மட்டும் ஒரிஜினல்

“இஞ்சினை மட்டும் நான் மாத்தேல்லை, தம்பி. அது காரோடை வந்த இஞ்சின்தான்,” என்று தில்லையம்பலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

“அதைக் கடைசியாப் பாப்பம், அங்கிள்,” என்றான் சுலக்சன். பழைய கார்களுக்கு விலை மதிப்பிடுகிறவன் அவன். பதினேழாம் திகதி, சனிக்கிழமை வருவதாகச் சொன்னவனை, அந்தத் திகதி வேண்டவே வேண்டாமென்று அடம்பிடித்து ஞாயிற்றுக்கிழமைக்கு இழுத்திருந்தார் தில்லையம்பலம். லீவு நாள் கெட்ட கடுப்பு அவன் முகத்தில் இன்னும் இருந்தது.

கராஜ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் அவருடைய மனைவி மங்கையற்கரசி. ரூஜ் பகுதியில் இந்த வீட்டையும், அதே வருடம் இந்தக் காரையும் வாங்கிப் பதினொரு வருடம் ஆகிறது. பதினொரு பனிக்காலமும் பெரிய இஞ்சின் பூட்டிய இந்த அறுபத்தொன்பதாம் ஆண்டு மசில் கார் உள்ளே சொகுசாக இருக்க, அவளுடைய கொரோலா கார் வெளியே உறைந்து கிடந்தது. விடியற்காலை வேலைக்குப் போக ஐஸ் சுரண்டிச் சுரண்டி அவளுடைய வலது தோள் தேய்ந்துவிட்டது.

அதனால்தான் இருவரும் பந்தயம் கட்டியிருந்தார்கள். கை வைக்காமல் விட்டிருந்தால் போகக்கூடிய விலையைவிட, அவர் செய்த அப்கிரேட்டுகளால் விலை ஏறியிருந்தால் அவள் இனி வாய் திறக்கக் கூடாது. இறங்கியிருந்தால் கார் விற்பனைக்கு, கராஜ் அவளுக்கு.

“டாஷ்போட்டை வெட்டி டச் ஸ்கிறீன் வைச்சிருக்கிறியள்,” என்று சுலக்சன் தொடங்கினான்.

“பின்னை? வழி பாக்கவேணும், பாட்டுக் கேக்கவேணும்!”

“வாங்கிற ஆக்கள் பழைய ரேடியோவைத்தான் தேடுவினம், அங்கிள். வெட்டின ஓட்டையைத் திரும்ப ஒட்டேலாது.”

“புதுப் பிரேக் போட்டனான். பழைய பிரேக்கிலை ஏறி நிண்டாலும் அடுத்த சந்தியிலைதான் கார் நிக்கும்!”

“பிரேக் ஓகே, அதுக்குக் கொஞ்சம் ஏறும். ஆனா பெயின்ற்? கொம்பனி பச்சையிலை விட்ட கார். நீங்கள் செவ்வரத்தம்பூச் சிவப்பு அடிச்சிருக்கிறியள்.”

“நான் ஓடுற கார், எனக்குப் பிடிச்ச நிறம்!”

“ஓடுறதுக்குச் சரி. நான் சொல்லுறது விக்கிற விலை.”

தில்லையம்பலம் விடுகிற ஆளா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதர். சில்லைச் சொன்னால் சில்லுக்கு ஒரு பதில், ஏசியைச் சொன்னால் ஏசிக்கு ஒரு பதில். மங்கையற்கரசி அதற்குள் மனதால் கொரோலாவைக் கராஜுக்குள் விட்டுக் கதவையும் பூட்டிவிட்டாள்.

“கோவிக்காதேங்கோ அங்கிள்,” என்றான் சுலக்சன் கடைசியில். “இவ்வளவு வருசமா நீங்கள் இதைத் திருத்தேல்லை. பழுதாக்கியிருக்கிறியள்.”

தில்லையம்பலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த கதவைத் துடைக்கத் தொடங்கினார்.

மங்கையற்கரசிக்கு அது பொறுக்கவில்லை. பக்கத்து ஊரான ஒஷாவாவில் ஒரு கொட்டிலுக்குள் துருப்பிடித்துக் கிடந்த காரை இழுத்துவந்து, ஞாயிறு ஞாயிறாக முதுகு நோக நோக எழுப்பி நிறுத்தியவர் இந்த மனிதர்.

“தம்பி, கொஞ்சம் நிப்பாட்டும்!” என்றாள். “என்ரை மனுசனை நான் ஏசுவன். நீர் ஏசக்கூடாது. முதல்லை அந்த இஞ்சினைப் பாரும்!”

சுலக்சன் தலையைச் சொறிந்தான். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அன்ரி. உண்மைதான், இஞ்சின் ஒரிஜினல் எண்டால் கதையே மாறும். இஞ்சினிலை அடிச்ச நம்பரும் காரிலை இருக்கிற நம்பரும் ஒத்து வந்தால், மிச்சக் குறையெல்லாம் பெரிசில்லை. அங்கிள்தான் வெல்லுவார்.”

“ஒத்து வரும்! வித்த வெள்ளைக்காரன் லைற் அடிச்சு ரெண்டு நம்பரையும் காட்டினவன். நான் என்ரை கண்ணாலை பாத்தனான்,” என்றாள் மங்கையற்கரசி.

பந்தயம் கையை விட்டுப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். போகட்டும், இன்னும் பதினொரு பனிக்காலம் சுரண்டினால் போச்சு. புருசன் தோற்று நிற்பதை மட்டும் அவளால் பார்க்க முடியாது. தில்லையம்பலம் கதவைத் துடைத்துக்கொண்டே நின்றார். சந்தோசத்தில் பேச்சு வரவில்லையாக்கும் என்று அவள் நினைத்தாள்.

சுலக்சன் பொனற்றைத் திறந்து, லைற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். விரலால் ஒரு இடத்தைத் தடவினான். துணியை வாங்கித் துடைத்துவிட்டு மறுபடியும் தடவினான்.

“அங்கிள், இஞ்சின் அதே இஞ்சின்தான். ஆனா நம்பர் அடிச்ச இடம் வழுவழுவெண்டு கிடக்கு. நம்பர் எங்கை?”

இருவரும் தில்லையம்பலத்தைப் பார்த்தார்கள். அவர் துணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மறுபடியும் நெஞ்சை நிமிர்த்தினார்.

“கூட்டிப் பாத்தன், எட்டு வந்தது. அதை அராவி எடுத்ததுதானே நான் செய்த முதல் அப்கிரேட்!”